எண்ணாமல் பின்னிய அக்கா

அந்த அக்கா, டீ டம்ளர் வைக்கிற வட்டத் தட்டு ஒன்று பின்னத்தான் உட்கார்ந்தார். மூன்று சனிக்கிழமை கழித்து அது தொப்பியாக வந்து நின்றது. சொல்லிக்கொடுக்கிற ஷமீமா அதை வாங்கி இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டு, இது தட்டையாக அல்லவா வரவேண்டும் என்று தயங்கித் தயங்கிக் கேட்டாள். அக்கா கையிலிருந்த ஊசியைக் கீழே வைக்கக்கூட இல்லை.

“தட்டுன்னு யாரு கண்ணு சொன்னது? நான் தொப்பிதான போட்டுட்டு இருக்கறேன்.”

மூன்று வாரமாக அவர் பக்கத்திலேயே உட்கார்ந்து, அந்தத் தட்டை எந்த மேஜைமேல் வைப்பது, அதில் எந்த விருந்தாளிக்கு டீ கொடுப்பது என்பதுவரை கேட்டுக்கொண்டிருந்தவள் நான். வாயைத் திறக்கலாமா என்று யோசிப்பதற்குள் அவர் என் பக்கம் திரும்பி, “அம்மணிக்குத் தெரியுமே” என்று என்னைச் சாட்சியாகவும் சேர்த்துக்கொண்டார்.

கொக்கி ஊசியால் நூல் பின்னுகிற இந்தக் குரோஷாவை நான் கற்கப் போனதற்குக் காரணம் டாக்டர். ரத்த அழுத்தம் கூடுகிறது, மனதை ஒருநிலைப்படுத்த ஏதாவது செய்யுங்கள் என்றார். யோகா வகுப்புக்குப் போய்ப் பார்த்தேன். அங்கே வந்தவர்கள் எல்லோரும் என்னைவிட ஒல்லியாக இருந்ததில் ரத்த அழுத்தம் இன்னும் கூடியது. குரோஷா என்றால் உட்கார்ந்த இடத்திலேயே செய்யலாம். கோட்டைமேட்டில் ஒரு தையல் சாமான் கடை. கீழே நூல், பொத்தான், ஜிப், லேஸ் வியாபாரம், மாடியில் கடைக்காரரின் மகள் ஷமீமா சனிக்கிழமைகளில் நடத்தும் வகுப்பு. அவளுக்கு இருபத்து நான்கு வயது. எங்கள் எட்டுப் பேரில் அவளைவிடச் சின்னவர்கள் யாரும் கிடையாது. துடியலூரில் ஒரு கல்லூரி அலுவலகத்தில் தட்டச்சு செய்யும் எனக்கு நாற்பத்தொன்று. அக்காவுக்கு ஐம்பதைத் தாண்டியிருக்கும். பெரியநாயக்கன்பாளையத்திலிருந்து வருவார். அவர் வீட்டுக்காரர் அங்கே இரண்டு லேத் போட்டு மோட்டார் பம்புக்குப் பாகங்கள் கடைந்து கொடுத்துக்கொண்டிருந்தார்.

வட்டமாகப் பின்னுவதில் கணக்குதான் எல்லாம். நடுவில் ஒரு வளையம், அதில் ஆறு கண்ணி. அடுத்த சுற்றில் பன்னிரண்டு, அதற்கடுத்து பதினெட்டு. ஒவ்வொரு சுற்றுக்கும் சரியாக ஆறு ஏற்றிக்கொண்டே போனால் வட்டம் தரையில் படுத்துக் கிடக்கும். குறைவாக ஏற்றினால் கிண்ணம்போல் குழியும். கூடுதலாக ஏற்றினால் ஓரம் பூராவும் அப்பளம்போல் அலையடிக்கும். சுற்று எங்கே தொடங்கியது என்பது தெரிய ஒரு ஊக்கைக் குத்திவைக்க வேண்டும். அக்கா ஊக்கும் குத்தமாட்டார், எண்ணவும் மாட்டார். எண்ணுவதெல்லாம் பஸ் கண்டக்டர் வேலை என்பார். நான் அதற்கு நேர்மாறு. ஒரு கண்ணி தப்பினாலும் முழுவதையும் உருவிவிடுவேன். என்னுடைய முதல் வட்டத்தைப் பதினோரு முறை பிரித்தேன். நூலே பஞ்சாகிவிட்டது. அதைப் பார்த்து அக்கா, ஒரு பைத்தியத்துக்குச் சொல்வதைப்போல மெதுவாகச் சொன்னார்.

“பிரிக்கறதுக்கா கண்ணு பின்னறோம்?”

தப்பு என்று ஒன்று தன் கையால் நடக்க முடியும் என்பதையே அவர் ஒத்துக்கொண்டதில்லை. எது வந்ததோ அதைத்தான் அவர் நினைத்திருந்தார். அலையடித்த வட்டம் பிள்ளையாருக்குப் பாவாடை ஆனது. ஒரு பக்கம் நீண்டு போனது செருப்பு வைக்கிற உறை ஆனது. அவர் பொய் சொல்கிறார் என்று முதலில் எனக்கு எரிச்சலாக இருந்தது. பிறகு கவனித்தேன், பொய் சொல்பவர்களுக்கு வருகிற அந்தச் சின்னத் தடுமாற்றம் அவரிடம் இல்லவே இல்லை. சொல்லி முடிப்பதற்குள் அவரே நம்பிவிடுவார்.

இதில் அவருடைய சாதனை கருமத்தம்பட்டிக் கல்யாணம். வீட்டுக்காரரோடு போயிருக்கிறார். எதிரெதிரே இரண்டு மண்டபம். இவர் நேராக ஒன்றில் நுழைந்து, சந்தனம் பூசி, முதல் பந்தியிலேயே உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டார். கை கழுவப் போன இடத்தில் வீட்டுக்காரர்தான் பெயர்ப் பலகையைப் பார்த்துவிட்டு, மாப்பிள்ளை பெயரும் வேறு, பெண் பெயரும் வேறு என்று காதில் சொன்னாராம். அக்கா ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு மேடையேறி, கொண்டுபோன குத்துவிளக்கை அந்தப் பெண்ணின் கையிலேயே கொடுத்துவிட்டு, போட்டோவுக்கும் நின்றுவிட்டு வந்தார். எதிர் மண்டபத்துக்காரர்கள் கோபித்துக்கொண்டபோது, ஒரே நாளில் இரண்டு முகூர்த்தம் வந்தால் நான் என்ன செய்வது என்று அவர்கள்மேலேயே திருப்பிவிட்டார். கதை இதோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. விளக்கு வாங்கிய வீட்டார், யாரோ மாப்பிள்ளை பக்கத்துச் சொந்தம் என்று நினைத்துக்கொண்டு, அடுத்த வருடம் அந்தப் பெண்ணின் வளைகாப்புக்கும் பத்திரிகை வைத்தார்கள். அக்கா போனார். என்னையும் கூட்டிக்கொண்டு போனார். ஐந்து வகைச் சாதம்.

தொப்பி விஷயத்துக்கு வருகிறேன். கடைக்காரரை, ஷமீமாவின் அத்தாவை, எல்லோரும் பாய் என்றுதான் கூப்பிடுவோம். எங்களுக்கு டீ கொடுத்தனுப்பியது போதுமா என்று கேட்க மாடிக்கு வந்தவர், வெள்ளை நூலில் பின்னிக் கிடந்த அந்தப் பொருளை எடுத்துப் பார்த்தார். விரலால் ஓரத்தை நீவினார். பிறகு கூச்சத்தோடு தலையில் வைத்தார். அளவெடுத்ததுபோல உட்கார்ந்துகொண்டது. எட்டுப் பெண்களும் சிரித்துவிட்டோம். அக்கா மட்டும் சிரிக்கவில்லை. கீழே பார்த்த அன்றே பாயின் தலையைக் கண்ணால் அளந்து வைத்துக்கொண்டதாகச் சொன்னார். பாய் அதை வெள்ளிக்கிழமைத் தொழுகைக்குப் போட்டுக்கொண்டு போனார். பள்ளிவாசலில் இரண்டு பேர் எங்கே வாங்கியது என்று கேட்டார்களாம்.

அக்காவை ஸ்கூட்டரில் கொண்டுவந்து விடுவது மகள் கீர்த்தனா. ஒரே மகள். சரவணம்பட்டியில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. அம்மாவை மாடிக்கு அனுப்பிவிட்டுக் கீழே கொஞ்ச நேரம் ஜிப் பார்ப்பாள். கல்லாவில் ஷமீமாவின் அண்ணன் ரியாஸ் இருப்பான்; மற்ற நாட்களில் எம்பிராய்டரி மிஷின் பழுதுபார்க்கிற வேலை அவனுக்கு. ஒன்றரை வருடம் அந்தப் பெண் ஜிப் பார்த்தாள். அத்தனை ஜிப்பை வைத்து ஒரு பேன்ட் கம்பெனியே நடத்தியிருக்கலாம். எங்கள் எட்டுப் பேரில் ஒருத்திக்கும் ஒன்றும் தோன்றவில்லை.

அந்தச் சனிக்கிழமை ஷமீமா எங்களுக்குக் கைப்பையின் அடிப்பாகம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். அக்காவுக்கு எட்டாவது சுற்று. இரண்டு கையும் நூலில் இருப்பதால் ஃபோன் வந்தால் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவார். அவர் வீட்டு விவகாரமெல்லாம் எங்களுக்கு அத்துப்படியானது அப்படித்தான். அன்றைக்கு வந்தது அவர் வீட்டுக்காரரின் அண்ணன். அன்னூர்ப் பக்கம் தோட்டம் துரவோடு இருப்பவர். அந்தப் பங்காளிகளுக்குள் அவர் சொல்தான் கடைசிச் சொல். ரிஜிஸ்தர் ஆபீஸ் பலகையில் கல்யாண நோட்டீஸ் ஒட்டியிருக்கிறதாம், பத்திரம் எழுதுகிற ஆள் பார்த்துவிட்டுச் சொன்னாராம், நம்ம கீர்த்தனா பெயர், பக்கத்தில் ஒரு முஸ்லிம் பையன் பெயர். விலாசத்தையும் படித்தார். அது நாங்கள் உட்கார்ந்திருந்த கடையின் விலாசம்.

ஷமீமா கையிலிருந்த நூல்கண்டு உருண்டு படிக்கட்டில் இறங்கிப் போனது. ஒருத்தரும் எடுக்கவில்லை. அக்காவின் ஊசி நின்றிருந்தது. அவர் முகத்தை நான் பக்கத்திலிருந்து பார்த்தேன். எனக்கு எதையும் எண்ணுகிற பழக்கம். அன்றைக்கும் என்னை அறியாமல் எண்ணினேன். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு.

“ஆமாங்க மாமா,” என்றார். “நாந்தான் போடச் சொன்னேன்.”

அந்தப் பக்கம் என்ன கத்தினார்கள் என்பதை எழுத வேண்டாம். வெட்டுவேன், குத்துவேன் என்பதெல்லாம் அதில் இருந்தது. வெறும் பேச்சாகவும் எனக்குப் படவில்லை. அக்கா எல்லாவற்றுக்கும் சரிங்க மாமா, சரிங்க மாமா என்று கேட்டுக்கொண்டார். மறுநாள் நேரில் வருகிறேன் என்று அந்த அண்ணன் சொன்னதும், மதியச் சாப்பாட்டுக்கே வந்துவிடச் சொல்லி, எத்தனை பேர் என்றும் விசாரித்து வைத்துக்கொண்டார். ஃபோன் ஓய்ந்தது. ஷமீமா சுவரோரமாக அழுதுகொண்டிருந்தாள். அக்கா அவளைப் பார்த்தார்.

“உங்கண்ணன் முழுப் பேரு என்ன கண்ணு?”

“ரியாஸ் அகமது.”

“இனிசியலு?”

“எம்.”

எம். ரியாஸ் அகமது, எம். ரியாஸ் அகமது என்று இரண்டு தடவை வாய்க்குள் சொல்லிக்கொண்டு, புடவையை உதறி எழுந்து, கீழே போனார். நானும் பின்னாலேயே போனேன். ரியாஸ் திருப்பூருக்கு மிஷின் வேலையாகப் போயிருந்தான். பாய்க்கு அப்போதுதான் யாரோ ஃபோனில் சொல்லியிருக்க வேண்டும். ஸ்டூலில் உட்கார்ந்து, பொத்தான் டப்பாவை மூடி மூடித் திறந்துகொண்டிருந்தார். அக்காவைப் பார்த்ததும் எழுந்துவிட்டார். சத்தியமாக எனக்கு இப்போதுதானம்மா தெரியும், பிள்ளை இப்படிச் செய்வான் என்று நினைக்கவே இல்லை என்று கையைக் கூப்பினார். உள்ளே அவர் சம்சாரம் அழுகிற சத்தம் கேட்டது. அவருக்கும் சம்மதமில்லை என்பது அந்த அழுகையிலேயே தெரிந்தது.

அக்கா குரலைத் தாழ்த்திக்கொண்டார். “இப்பத்தான் தெரியும்னு யாருகிட்டயும் சொல்லிப்போடாதீங்க பாய். நாம ரெண்டு பேரும் பேசித்தான் முடிச்சோம். போன தை மாசம் பேசுனோம். சரிங்களா?”

பாய் பொத்தான் டப்பாவை மூடி ஓரமாக வைத்தார். பிறகு, தை மாதத்தில் எந்தக் கிழமை என்று கேட்டார். விவரமான மனிதர்.

திரும்பும்போது பஸ்ஸில் அக்கா ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே வந்தார். நான் துடியலூரில் இறங்கிக்கொண்டேன். அரை மணி நேரத்தில் இறங்கி வீட்டுக்குப் போயிருக்க வேண்டியவர், சாயங்காலம் நான் கூப்பிட்டபோது தன் ஊரையும் தாண்டிக் காரமடையில் இருந்தார். சாமி கும்பிட வேண்டியிருந்தது, அதனால் நேராகப் போய்விட்டேன் என்றார். அவர் போய்ச் சேர்ந்திருக்கக்கூடிய நேரத்தில் கோயில் நடை சாத்தியிருக்கும். மறுநாள் என்னை வீட்டுக்கு வரச் சொன்னார். வெளியாள் ஒருத்தர் இருந்தால் சத்தம் குறையுமாம்.

ஞாயிற்றுக்கிழமை இரண்டு காரில் ஆறு பேர் வந்தார்கள். கீர்த்தனாவை முந்தின நாளே பீளமேட்டில் ஒரு தோழியின் விடுதிக்கு அனுப்பிவிட்டிருந்தார் அக்கா. வந்தவர்கள் கேட்டதற்கு, கம்பெனி வேலையாகப் பெங்களூர் அனுப்பியிருக்கிறேன் என்றார். அனுப்பியிருக்கிறேன் என்றுதான் சொன்னார், ஏதோ கம்பெனியே அவருடையது என்பதுபோல. ஒருத்தன் மட்டும் உட்காராமல் அறை அறையாக எட்டிப் பார்த்துவிட்டு வந்தான். அவன் குளியலறைக் கதவைத் தள்ளிப் பார்த்தபோதுதான் எனக்கு உண்மையிலேயே பயம் வந்தது. அக்கா அவனுக்குத் துண்டு எடுத்துக் கொடுத்து, கை கால் கழுவிக்கொண்டு வரச் சொன்னார்.

நாட்டுக்கோழிக் குழம்பு வைத்திருந்தார். சண்டைக்கு வந்தவர்களுக்கு முதலில் இலை போட்டுவிட்டால் பாதிச் சண்டை போய்விடும் என்பது அவர் கணக்கு. அவருக்குத் தெரிந்த ஒரே கணக்கு அதுதான். நான்கு பேர் இலைமுன் உட்கார்ந்துவிட்டார்கள். ஃபோன் செய்த அந்தப் பெரியவர் இலைக்கு வரவில்லை. வாசலைப் பார்த்த நாற்காலியில் அமர்ந்து, எவன் பார்த்த சம்பந்தம் இது என்று கேட்டார். தான் பார்த்தது என்றார் அக்கா. பையன் நல்ல குணம், கைத்தொழில் இருக்கிறது, தை மாதத்தில் பேசி, மாப்பிள்ளை வீட்டுக்குத் தன் கையால் தொப்பி பின்னிக் கொடுத்துத்தான் உறுதி செய்தேன் என்றார். வேண்டுமானால் இந்த அம்மணியைக் கேளுங்கள், அவரும் கூட இருந்தார் என்று என்னைக் காட்டினார். ஆறு பேரும் என்னைப் பார்த்தார்கள். தொப்பி கொடுத்தது உண்மைதான் என்றேன். நான் சொன்ன ஒவ்வொரு சொல்லும் உண்மை.

பெரியவர் தம்பி பக்கம் திரும்பினார். அக்காவின் வீட்டுக்காரர் லேத்தைத் தவிர எதனோடும் சத்தமாகப் பேசி நான் கேட்டதில்லை. முந்தின நாள் இரவுதான் அவருக்கு விஷயமே தெரியும், விடியவிடிய உட்கார்ந்திருந்தாராம்.

“உனக்கு இது தெரியுமாடா?”

அவர் பெண்டாட்டியைப் பார்த்தார். அக்கா தலையைத் தூக்கவே இல்லை, குழம்பு ஊற்றிக்கொண்டிருந்தார்.

“தெரியுமுங்கண்ணா,” என்றார்.

அதற்குமேல் அண்ணனுக்கு வழியில்லாமல் போய்விட்டது. ஓடிப்போன பெண் என்றால் தேடிப் பிடிக்கலாம், அதற்கு ஊரில் ஆட்கள் கூடுவார்கள். பெற்றவர்களே பார்த்துக் கொடுக்கிறார்கள் என்றால் காறித் துப்பத்தான் முடியும். துப்பினார். இனிமேல் குலதெய்வக் கோயில் பொங்கலுக்கு உங்கள் குடும்பத்திலிருந்து யாரும் வரக்கூடாது, நல்லது கெட்டதுக்கு ஒருத்தரை ஒருத்தர் எட்டிப் பார்ப்பதில்லை என்று சொல்லிவிட்டு எழுந்தார். சாப்பிட்ட நான்கு பேரும் மீசையைத் துடைத்துக்கொண்டு பின்னால் போனார்கள். கார் கிளம்புகிற வரைக்கும் வாசலில் நின்றுவிட்டு வந்த அக்கா, இந்த வருடம் பொங்கலுக்குப் போகவேண்டாம் என்று நாங்களே நினைத்துக்கொண்டிருந்தோம் என்றார். சொல்லிவிட்டுச் சமையலறைக்குப் போய், கழுவின பாத்திரத்தையே திரும்பவும் கழுவிக்கொண்டிருந்தார்.

நோட்டீஸ் நாள் முடிந்ததும் பதிவு நடந்தது. மூன்று சாட்சியில் நான் ஒருத்தி. பாய் வந்தார், அவர் சம்சாரம் வரவில்லை. பேத்தி பிறந்தபிறகுதான் அந்த அம்மா மருமகளோடு பேசினார். கையெழுத்துப் போட்டு முடித்ததும் கீர்த்தனா அழுதுகொண்டே அம்மாவின் காலில் விழப்போனாள். மன்னிச்சுரும்மா என்று ஆரம்பித்தவளை அக்கா முடிக்க விடவில்லை. தோளைப் பிடித்துத் தூக்கி, “எதுக்கு மன்னிக்கோணும்? நாந்தான பாத்து வெச்சேன்” என்று கண்ணைத் துடைத்துவிட்டார். அந்தப் பெண்ணின் முகம் அப்போது எப்படிப் போனது என்பது எனக்கு மறக்கவில்லை. கொண்டுவந்த சுமையை இறக்கிவைக்க இடமில்லாமல் அப்படியே தூக்கிக்கொண்டு திரும்பிப் போனாள்.

லேத் பட்டறைக்கு வேலை கொடுத்துக்கொண்டிருந்ததெல்லாம் சொந்தக்காரர்கள்தான். ஒவ்வொருவராக வேலை கொடுப்பதை நிறுத்தினார்கள். ஒரு வருடத்தில் லேத்தை விற்றுவிட்டு, பெருந்துறைத் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் அவர் சூப்பர்வைசராகச் சேர்ந்தார். அக்காவும் போனார். ஊரை விட்டுப் போகிறீர்களே என்று நான் வருத்தப்பட்டதற்கு, பெருந்துறைக் காற்றுக்காகவே ரொம்ப நாளாகப் போக நினைத்திருந்ததாகச் சொன்னார். போய்ப் பார்த்தேன். லாரிகள் திரும்புகிற முக்கில் வீடு. ஜன்னலைத் திறந்தால் காற்றோடு டீசலும் வந்தது. நாங்கள் உட்கார்ந்து பேசியது ஜன்னலை மூடிக்கொண்டுதான்.

அதன்பிறகு போக்குவரத்து குறைந்துவிட்டது. பொங்கலுக்கு ஒரு ஃபோன், தீபாவளிக்கு ஒரு ஃபோன், பிறகு அதுவும் இல்லை. போன மாதம் நூல் வாங்கக் கோட்டைமேட்டுக்குப் போனபோது கல்லாவில் கீர்த்தனா உட்கார்ந்திருந்தாள். சனி ஞாயிறில் கடையைப் பார்த்துக்கொள்கிறாளாம். மூன்று வயது மகள் தரையில் பொத்தான்களைக் கொட்டி நிறம் பிரித்துக்கொண்டிருந்தது. நூல் எடுத்துக் கொடுத்தவள், கூட்டம் குறைந்ததும் என்னை ஸ்டூலில் உட்காரவைத்தாள்.

ரொம்ப நாளாகக் கேட்கவேண்டும் என்று இருந்ததாம். எல்லாம் முன்பே தெரியும், தை மாதத்திலிருந்தே தெரியும் என்றுதான் அம்மா இன்றுவரை சொல்கிறாராம். அது உண்மையாக இருந்தால், அந்த ஆறேழு மாதம் மகள் ராத்திரியெல்லாம் தூங்காமல் பயந்து செத்துக்கொண்டிருந்ததை அம்மா பார்த்துக்கொண்டே சும்மா இருந்திருக்கிறார் என்று ஆகிறது. அதை நினைத்தால் சில நாள் அம்மாமேல் கோபம் கோபமாக வருகிறது என்றாள்.

“நெசமாச் சொல்லுங்கக்கா. அம்மாவுக்கு முன்னாடியே தெரியுமா?”

நான் உள்ளதைச் சொல்லிவிட்டேன். ஒன்றும் தெரியாது. ஸ்பீக்கரில் உன் பெரியப்பா சொல்லித்தான் தெரியும். நான்கு எண்ணுகிற நேரம் ஊசி நின்றது, அவ்வளவுதான். அதற்குள் முடிவுசெய்துவிட்டார். உன் வீட்டுக்காரர் முழுப்பெயரையே அதற்கப்புறம்தான் ஷமீமாவிடம் கேட்டார், இனிஷியலோடு.

கீர்த்தனா முதலில் சிரித்தாள். இனிஷியலா, இனிஷியலா என்று கேட்டுக் கேட்டுச் சிரித்தாள். சிரித்துக்கொண்டிருந்தபோதே உதடு கோணி, முந்தானையை முகத்தில் வைத்துக்கொண்டு அழ ஆரம்பித்துவிட்டாள். குழந்தை எழுந்துவந்து ஒரு சிவப்புப் பொத்தானை அவள் மடியில் வைத்தது.

மறுநாள் காலையில் நான் ஆபீசுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது அக்காவிடமிருந்து ஃபோன். இரண்டு வருடத்துக்குப் பிறகு. சௌக்கியமா என்றுகூடக் கேட்கவில்லை.

“ஏனம்மணி, கீர்த்தி கூப்புட்டு ஒரு மணி நேரம் அழுவறா. மன்னிச்சுருன்னு சொல்றா. நீ என்னத்தச் சொல்லித் தொலச்ச?”

நடந்ததைத்தான் சொன்னேனுங்க என்றேன். திட்டப்போகிறார் என்று காத்திருந்தேன். அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுவது மட்டும் கேட்டது. சளி பிடித்திருக்கிறது என்று சொல்வார் என்று எதிர்பார்த்தேன், அதையும் சொல்லவில்லை. மூக்கைச் சிந்திவிட்டுப் பேசினார்.

“செரி, உடு. நாந்தான் உன்னையச் சொல்லச் சொன்னேன்னு அவகிட்டச் சொல்லிப்போட்டேன்.”